கிளட்சில் சத்தம் வந்தால் நல்லது

அண்ணே,

போன வாரம் இலுப்பூர் ஆபீஸிலிருந்து திரும்பும்போது வண்டிக்குள் தீய்ந்த வாடை அடித்தது. கிளட்ச் பிளேட் சூடேறினால் பழைய துணி கருகியதுபோல் வருமே, அதே வாடை. வேகத்தடையில் நின்று முதல் கியரில் எடுத்தேன். வண்டி இரண்டு முறை முன்னால் குதித்து அணைந்துபோனது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. குனிந்து என் இடது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது. அண்ணி எனக்குக் கொடுத்த உன் வண்டி இது, நீ மிதித்த அதே பெடல்.

அன்றிலிருந்து பஸ்ஸில் போகிறேன். கிளட்ச் சரியில்லை என்று ஆபீஸில் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன். காலையில் வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, பெடலை மிதித்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பேன். கிளட்சில் சத்தம் வரவேண்டும் என்று சாமியைக் கும்பிடுகிற ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். மூன்றாம் நாள் கர்ரென்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சத்தம் வந்தால் கோளாறு வண்டியில் இருக்கிறது என்று அர்த்தம். பெடலிலிருந்து காலை எடுத்ததும் நீ ஓட்டிய காலத்தில் இதே வண்டியில் வந்த சத்தம் நினைவுக்கு வந்துவிட்டது.

மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவன் நீ. வல்லத்திராக்கோட்டைக்குள் உன் கார் நுழைந்தால், யார் வீட்டு வாசலில் எப்படித் திருப்பி நிறுத்துகிறாய் என்று பார்க்க நாலு பேர் நிற்பார்கள். நான் கார் ஓட்டுவதைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு தாங்காது. "கிளட்ச்சு மேலயே கால வச்சுக்கிட்டு ஓட்டுறவ டிரைவரே இல்ல. கால எடு, தரையில வையி" என்பாய். சொல்லிவிட்டு, அம்மா நம் இரண்டு பேருக்கும் எழுதி வைத்த ஒரே சொத்து சர்க்கரைதான், அதையாவது சண்டை போடாமல் பிரித்துக்கொண்டோம் என்று கிண்டல் செய்வாய். எனக்கு மாத்திரை, உனக்கும் மாத்திரை. நான் ஒழுங்காகப் போட்டேன், நீ நினைத்தபோது போட்டாய்.

அப்புறம் உன் வண்டி குதிக்க ஆரம்பித்தது. கூடவே பெடலை மிதித்தால் இரும்பை இரும்பில் தேய்க்கிற சத்தம். ஆலங்குடி ரோட்டில் செல்வராசு வைத்திருக்கும் ஷெட்டுக்கு நானும் உன்னோடு வந்தேன். மிதித்தால் சத்தம், விட்டால் இல்லை, அதனால் பெடலை மிதித்தால் சுழலும் ரிலீஸ் பேரிங்தான் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி மாற்றினார். சத்தம் நின்றது, குதிப்பது நிற்கவில்லை. இஞ்சினைத் தாங்குகிற மவுண்டிங்கைப் பார்த்தார். பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டார், இஞ்சின் உடனே அணைந்தது. பிளேட் நன்றாகப் பிடிக்கிறது என்றார். கடைசியில் அவரே இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நீ டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போயிருந்தாய்.

அப்போது அவர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, நான் ஓட்டுனா வண்டி குதிக்கலைங்க. அண்ணனுக்குக் காலு பெடல்ல இருக்கா இல்லையான்னே தெரியல போல. நீங்க ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டுங்க."

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது உனக்கு எழுதுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ரிப்பேர் பார்க்கத் தெரியாதவன் ஆளைக் குறை சொல்கிறானா என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். லாரி ஓட்டிச் சம்பாதித்த மனுஷனின் காலைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்றுகூடக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நீ திரும்பி வந்து என்ன சொன்னார் என்று கேட்டாய். இந்த ஆளுக்கு வேலை தெரியவில்லை, வேறு இடம் பார்ப்போம் என்றேன். அடுத்த ஷெட்டில் பிளேட்டையே புதிதாகப் போட்டோம். இரண்டு நாள் நீ சந்தோஷமாக இருந்தாய். எனக்குத் தெரியும் அண்ணே. செல்வராசு சொன்னது சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். உன் முகம் வாடுமே என்ற பயத்தில் சொல்லாமல் விட்டேன்.

சித்திரையில் ஆவுடையார்கோவில் போனோம். உச்சி வெயில். செருப்பை விட்டுவிட்டு வெளிப்பிரகாரத்தில் இறங்கினோம். கல் கொதித்தது. அண்ணியும் நானும் நிழலைத் தேடி ஓடினோம். நீ மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் சாவகாசமாக நடந்து வந்தாய்.

"என்னடி இந்த ஓட்டம் ஓடுறீக? ஒங்களுக்கெல்லாம் ஆபீஸ் காலு" என்று சிரித்தாய்.

அண்ணியும் சிரித்தாள். எனக்குச் செல்வராசு சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் உன் இடது பாதம் முழுக்கக் கொப்புளம். வலிக்கவே இல்லை என்று நீ அதையும் பெருமையாகத்தான் சொன்னாய். ஆடியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஐப்பசியில் நீ இல்லை. முன்னமே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் அண்ணியிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று சனிக்கிழமை, லீவு. வேறு வழியில்லாமல் வண்டியைச் செல்வராசுவிடமே கொண்டுபோனேன். ஷெட்டுக்குள் திருப்பும்போதே வண்டி குதித்தது. அவர் என்னைப் பார்த்தார், பழையதை ஒன்றும் பேசவில்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவிக்குக் கையை நீட்டினார். கொடுக்க மனம் வரவில்லை. ஓட்டாமலே பிளேட்டை மாற்றிவிடுங்கள் என்றேன். ஓட்டாமல் எப்படிங்க சொல்றது என்று வாங்கிக்கொண்டு போனார். பத்து நிமிஷம் இருக்கும். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி அவரையும் தூக்கிப் போட வேண்டும், வரும்போதே ஷெட் வாசலில் குதித்து அணைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வண்டி அலுங்காமல் வந்து நின்றது.

அவர் இறங்கி, பேரிங் சத்தம் போடுகிறது, பிளேட்டும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டார். அன்று நான் பேசிய பேச்சு அவருக்கு மறக்குமா? இனிமேல் எனக்கு அவர் உண்மையைச் சொல்ல மாட்டார் என்று புரிந்துவிட்டது. நான் உனக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்கிறார்.

பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, அன்னைக்கி நீங்க சொன்னது சரி. நாந்தான் எங்கண்ணன்ட்ட சொல்லல. இப்ப என்ட்ட மறைக்காதீங்க."

அவர் நிமிர்ந்தார். என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சத்தம் வண்டியோடதுதாங்க அக்கா. குதிக்கிறது வண்டி இல்லைங்க."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு, என் வீட்டுக்காரரை ஈர்க்குச்சியால் இடது பாதத்தைத் தொடச் சொன்னேன். தொட்டாச்சா, தொட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது குச்சி என் பாதத்தில்தான் இருந்தது, அவர் அழுதுகொண்டிருந்தார்.

நாளைக் காலையில் டாக்டரிடம் போகிறேன். பயமாக இருக்கிறது அண்ணே. காலை எடுத்துவிடுவார்களோ, இனிமேல் ஓட்டவே முடியாதோ என்று என்னென்னமோ ஓடுகிறது. ஆனாலும் எனக்கு ஒருவர் சொல்லிவிட்டார். நான் போகிறேன். உனக்குச் சொல்ல நான் ஒருத்தி இருந்தேன், சொல்லாமல் இருந்துவிட்டேன்.