உன் பேட்ஜைக் குத்திக்கொண்டவன்

என் ரோசி அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜீவனஹள்ளி வீட்டில் உன் கம்ப்யூட்டர் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறது. அம்மா தினமும் துடைத்து வைக்கிறாள். இத்தனை நாள் உனக்குச் சொல்ல நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது. கேட்டால் திட்டுவாய், பரவாயில்லை.

பிரகாஷை ஞாபகம் இருக்கிறதா? உன் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரன். உன் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனவர்களில் ஒருவன். தேம்பித் தேம்பி அழுதான். நானும் அதை நம்பி, காபி போட்டுக் கொடுத்துச் சமாதானம் சொன்னேன்.

நீ எழுதிய அந்தச் சின்ன புரோகிராமை, உன் பிளகினை, அவன் தன் பெயரில் போட்டுக்கொண்டான், அக்கா. பிளாக் எழுதுகிறவர்கள் தங்கள் பக்கத்தின் ஓரத்தில் பேட்ஜ் மாட்டிக்கொள்வதற்காக நீ செய்தாயே, அதேதான். நூறு பதிவு எழுதியவருக்கு ஒன்று, ஒரு வருஷம் விடாமல் எழுதியவருக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் நீயே வரைந்தாய். சிவாஜிநகர் கடையில் ஸ்கூல் யூனிஃபார்முக்கு நான் எம்பிராய்டரி போடும் பேட்ஜ்களைக் கொண்டுவரச் சொல்லி, விளிம்புத் தையலைப் பார்த்துப் பார்த்து வரைந்தாய். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. அவன் செய்ததெல்லாம் புரோகிராமின் முதல் வரியில் இருந்த உன் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைத் தட்டியது மட்டும்.

போன் பண்ணிக் கேட்டேன். பிளகினைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா என்றான். பார்த்துக்கொள், பெயரை ஏன் எடுத்தாய் என்றேன்.

“அவங்கதான் போயிட்டாங்களே சிஸ்டர். இனிமே அந்தப் பேரு அங்க இருந்து யாருக்கு என்ன ஆவப்போவுது?”

கோபத்தில் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். எதையோ மென்றுகொண்டே சொன்னான். ஃபாதரிடம் போய் அழுதேன். மன்னித்துவிடு என்றார். ஃபாதரின் பெயரை யாரும் அழிக்கவில்லையே.

மன்னிப்பதற்கு முன்னால் அவனுடைய பிளாக்கை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று திறந்தேன். ஓரத்தில் ஊதா நிறத்தில் ‘உருவாக்கியவர்’ பேட்ஜ். உனக்கு மட்டும் என்று நீ வரைந்த ஒரே பேட்ஜ். அதையும் எடுத்துக் குத்திக்கொண்டிருந்தான்.

அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். உன் வெப்சைட்டிலிருந்து. படங்களைப் பிளகினுக்குள் வைக்காமல் உன் சைட்டிலேயே வைத்து அங்கிருந்து வரவழைத்தாயே, அதற்காக உன்னை ஆபீசில் எவ்வளவு கிண்டல் பண்ணினார்கள்! ஒரே இடத்தில் மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும் என்று சோம்பேறித்தனத்தில் நீ செய்த தப்பு. திருடியவன் உள்ளே திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த சைட்டின் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. நீ ஆபீசில் இருக்கும்போது படங்களை ஏற்றிக் கொடுத்தவள் நான்தானே.

போன சனிக்கிழமை இந்திராநகரில் ஒரு ஹாலில் பிளாக்கர்கள் கூட்டம். அவன்தான் பேச்சாளன். காலையில் அந்த ஊதா பேட்ஜை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் உன் போட்டோவை ஏற்றினேன். மாதா கோயில் திருவிழாவில் எடுத்தது, முன்பல் இடுக்கு தெரிய நீ சிரிப்பது. கீழே ‘இதைச் செய்தவள் ரோசி’ என்று எழுதினேன். வேறு எந்த பேட்ஜையும் தொடவில்லை. அத்திபெலேயில் ஒரு டீச்சர் தன் நூறாவது பதிவுக்கான பேட்ஜை மாட்டி வைத்திருக்கிறார், அவர் என்ன பாவம் செய்தார்?

முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். அவன் தன் பக்கத்தைப் பெரிய திரையில் திறந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான். ஒரே வாரத்தில் எழுதி முடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலே நீ சிரித்துக்கொண்டிருந்தாய். யாரோ ஒருவர் எழுந்து, அந்தப் பெண் யார் என்று கன்னடத்தில் கேட்டார். அவன் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு இனித்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன், இன்னும் இனிக்கிறது. உன்னை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில் அழுகையும் வந்தது.

சாயங்காலம் போன் வந்தது. தன் பக்கத்திலிருந்து பேட்ஜைக் கழற்றிவிட்டானாம். மற்றவர்கள் பக்கங்களிலும் உன் முகம் வந்துவிடுமோ என்று இப்போது பயம். அதைத் தடுக்க வேண்டுமானால் ஒவ்வொருவரிடமும் பிளகினைப் புதிதாகப் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கடைசியில், பிளகினில் எங்கேயாவது உனக்கு நன்றி என்று ஒரு வரி சேர்க்கிறேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள், சைட்டிலிருந்து அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினான்.

“அவதான் போயிட்டாளேப்பா. இனிமே அவ படம் அங்க இருந்து உனக்கு என்ன ஆவப்போவுது?” என்றேன்.

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மற்றவர்கள் பேட்ஜிலும் கை வைப்பேனா? எனக்கே தெரியாது. இந்தக் கடிதத்தை உன் சைட்டிலேயே போடப்போகிறேன். அவனும் படிப்பான், படிக்கட்டும். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். உன் சைட்டை மூட விடமாட்டேன். முதல் வரியில் உன் பெயர் திரும்பி வரும்வரை, அவன் ஏறுகிற ஒவ்வொரு மேடைக்கும் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். இனி அவன் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

நீ திட்டினாலும் அடங்காத உன் தங்கை,
ஜெசி