கென்யாவுக்குப் போகும் முதல் பெட்டி

தை வெள்ளி, இரவு.

கென்யா ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்பலாம் என்று முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர். அலைந்து திரிந்து ஆர்டர் பிடித்ததும் அவர்தான். ஆடியில் அவர் செத்துப்போனார். ஆர்டர் கொழுந்தனார் பேருக்குப் போய்விட்டது.

இன்று முதல் பெட்டிக்குப் பூசை போட்டார்கள். என்னைப் பார்த்ததும் ஓரகத்தி செல்வி, "அக்கா, கொஞ்சம் அந்தாண்ட நில்லுக்கா. பூசை முடிச்சிக்கினு கூப்பிடறேன்" என்றாள். வாசலிலேயே நின்றேன். "செல்வி கை ராசிதான்பா, கென்யாவே தேடிக்கினு வருது!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கல்யாணப் புடவைக்கு வைப்பதுபோல, பெட்டிக்குள் மேலாக இருந்த பேண்டேஜ் துணியிலேயே மஞ்சளும் குங்குமமும் வைத்து, பெட்டியை ஒட்டிவிட்டாள் செல்வி. "ஒரு புள்ளி கறை இருந்தாலும் மொத்த சரக்கையும் திருப்பிடுவான்டி" என்று என் வீட்டுக்காரர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

விடிந்தால் லாரி வந்துவிடும். படுத்தால் தூக்கம் வரவில்லை. திரும்பி வந்தால், அவர் பிடித்த ஆர்டர்தானே திரும்பி வரும்? எழுந்துபோய்ச் செல்வியிடம் சொல்லத்தான் வேண்டும். பெட்டியைப் பிரித்து வேறு துணி வைப்பாள். அதற்கும் என்னைத் தள்ளித்தான் நிற்கச் சொல்வாள்.