தூசி மேல் போட்ட பழி

கார்த்திகை, செவ்வாய் இரவு

மூன்று மாதமாக விடாத என் இருமலுக்குக் காரணம் வயிறு என்று தேனி டாக்டர் இன்று சொன்னார். வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறுகிறதாம். எனக்கு நெஞ்செரிச்சலே இல்லையே என்றேன். இல்லாமலும் வருமாம். சாப்பிட்டதும் படுக்கக் கூடாதாம்.

அப்போதிருந்து அப்பா நினைவுதான். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கும் இதே இருமல். ஏலக்காய்த் தூசிதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, வேலையை விடவைத்தேன். வீட்டிலும் இருமல் நிற்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பார். அதை யாரும் கவனிக்கவில்லை.

"ஏலே, தூசின்னா வீட்டுல எதுக்குலே இருமுறேன்? என்னைய அங்கனயே விட்டுரு" என்று கேட்டார்.

"பழைய தூசி நெஞ்சுல இருக்குப்பா" என்றேன். பெரிய டாக்டர் மாதிரி.

பிறகு அவர் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் வயிறுதானா? இனி யார் சொல்வது? ஏலக்காய்க் கடை வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. எனக்கும் அதே இருமல்.

சற்று முன் படுத்ததும் இருமினேன். அடுத்த அறையிலிருந்து அம்மா தூக்கக் கலக்கத்தில் குரல் கொடுத்தாள்.

"எந்திரிச்சு உக்காருங்க. எப்பவும் உக்காந்தா நின்னுரும்ல?"

அப்பாவிடம் பேசுகிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவளைக் கேட்டதே இல்லை.

எழுந்து உட்கார்ந்தேன். நின்றுவிட்டது.