வெட்டாத ராக்கி

ஆவணி பௌர்ணமி, ராத்திரி. சிஞ்ச்வட்.

காலையில் இவர் டிவி ஒயர்களை, இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தன் அண்ணனுக்கு ராக்கி கட்டிவிட்டு வந்த எதிர்வீட்டு ரியா, ஐந்து வயசு, இவருடைய வெறுங்கையைப் பார்த்தாள். ஒரு டையை எடுத்து மணிக்கட்டில் மாட்டி, கிர்ரென்று இழுத்துவிட்டு, "தாதா!" என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டாள்.

"ராக்கியக் கட்டிட்டு தாத்தாங்குறா பாரு!" இவருக்கு ஒரே கோபம்.

மதியம் பார்த்தால் கை சிவந்து தடித்திருந்தது. கத்தரிக்கோலோடு போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"வெட்டாத. லூசு மட்டும் பண்ணு."

சித்திரையில் தன் தங்கை தவறிப்போனதிலிருந்து இவர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

தோலில் குத்திவிடாதபடி ஸ்பூன் காம்பை டைக்கு அடியில் கொடுத்தேன். ஊக்கு முனையால் பூட்டுக்குள் இருந்த சின்னப் பல்லை நெம்பிப் பிடித்ததும் டை மெதுவாகத் தளர்ந்தது. நீட்டிக்கொண்டிருந்த வாலை மட்டும் நகவெட்டியால் ஒட்ட நறுக்கினேன். இல்லாவிட்டால் கீறும்.

இங்கே மகனுடைய வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் கொஞ்சம் மராத்தி பொறுக்கிக்கொண்டேன், இவர் இல்லை. அதனால் சொன்னேன்: "அவ தாத்தான்னு சொல்லல. இவங்க பாஷையில தாதான்னா அண்ணன்."

டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வாசலில் மறுபடி அந்தக் குரல். சாப்பிட மூன்று தடவை கூப்பிட்டாலும் அசையாத மனிதர், முதல் 'தாதா'வுக்கே எழுந்துவிட்டார்.

"என்ன தாயி?"

தங்கை போன் செய்தால் இவர் அப்படித்தான் ஆரம்பிப்பார்.