கல்குவாரியில் சோதித்துப் பார்த்த ஜிபிஎஸ்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது கணுக்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறதென்று தெரியாமல்தான் தவிப்பாக இருக்கிறது. பதறாதே, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், கட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் கால் நீட்டி வீட்டையே வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார். பார்சலைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் கருவியை நோண்ட ஆரம்பிக்காமல் முதலில் இதை முழுசாகப் படி.

போன மாதம் மேய்ச்சல் நிலத்தில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் போனில் சிக்னல் போய், வரைபடம் வெறும் வெள்ளையாகி, பொழுது சாயும் வரை ஜீப்பில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்த கதையைத் தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாயாமே. அவன் வாயில் எதுதான் நிற்கும், சாப்பிடும்போது உளறிவிட்டான். என்னிடம் மட்டும் 'வேலை ஜோரா போகுதும்மா' என்றிருக்கிறாய். மாட்டு டாக்டராகப் போகிறேன் என்று நீ சொன்னபோது மாடு முட்டிவிடுமோ என்றுதான் பயந்தேன், பாதையே இல்லாத இடத்தில் தொலைந்துபோவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அதைவிட உள்ளே தள்ளி முகாம் என்கிறாய், எனக்குத் தூக்கம் எப்படி வரும்.

அதனால் நானும் அப்பாவும் மாமாவும் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி வாங்கப் போனோம். அப்பாவுக்குப் பெரிய தொடுதிரை வைத்தது பிடித்துப்போய்விட்டது, டிவி மாதிரி பளபளவென்று இருந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து பழகியவள், எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டினால் அந்தத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. பொத்தான் வைத்த சின்னக் கருவியில் எழுத்து பளிச்சென்று இருந்தது, உன் கண்ணாடிப் பவருக்கு அதுதான் சரி, கையுறையைக் கழற்றாமலும் அழுத்தலாம். கடைக்காரம்மா, 'மேப்பை முன்னாலேயே ஏத்திக்கிட்டா டவரே வேண்டாம், பேட்டரியை நீங்களே மாத்திக்கலாம், மெசேஜும் சாட்டிலைட் வழியா போயிடும்' என்றார். மாமா விடுவானா, மடக்கி மடக்கிக் கேட்டு அந்தம்மாவுக்குத் தலைவலியே வந்துவிட்டது. கடைசியில், 'ரெண்டையும் எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க' என்று என் போன் நம்பரைச் சின்னக் கருவியில் பதிந்து, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் கல்குவாரிக்குப் போனோம். நான் காரோடு நிற்பது, அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் புதருக்குள் போய்க் கருவியை மட்டும் பார்த்துத் திரும்பி வருவது, இதுதான் ஏற்பாடு. மாமா பெரிய கருவியை வெயில் படாமல் சட்டைக்குள் மறைத்து மறைத்துப் பார்த்தபடி வந்து சேர்ந்துவிட்டான். சின்னக் கருவியோடு போன அப்பா வரவில்லை. 'வந்துடுவாருக்கா, சும்மா பதறாதே' என்றான், ஆனால் அவனே சாலைக்கும் காருக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டான். மேகம் இறங்கி வெளிச்சம் மங்கியது. அப்பாவின் போன் கிடைக்கவில்லை, என் போனுக்கு ஒரு செய்தியும் இல்லை. இரண்டு பேரும் குவாரி விளிம்போடு கத்திக்கொண்டே போனோம். ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்க்கும்போது பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுவேனோ என்று கண்ணை மூடி மூடித் திறந்தேன், அதை உனக்கு எப்படி எழுதுவது.

கடைசியில் ஒரு சரிவுக்குக் கீழே பாறையில் உட்கார்ந்திருந்தார், கால் வீங்கியிருந்தது. கருவியின் அம்பு கார் இருக்கும் திசையை நேராகக் காட்டியிருக்கிறது, நடுவில் பள்ளம் இருப்பதை இவர் கவனிக்காமல் அதன் பின்னாலேயே போய்ச் சறுக்கிவிட்டார். கையில் கருவி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. செய்தி அனுப்பும் பொத்தானை ஏன் அழுத்தவில்லை என்று கேட்டதற்கு, 'அழுத்தினா நீ பயந்துடுவியேன்னு பார்த்தேன்' என்றார். எனக்கு அழுகையும் வந்தது, அந்தக் கருவியாலேயே ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. காரில் ஏற்றியபின்தான் மெதுவாக, 'சோதிச்சுப் பார்க்கப் போன ஆளே கால் தவறிட்டேன்னு எப்படிச் சொல்றது, கூச்சமா இருந்துச்சு' என்றார்.

பார்சலில் இருப்பது அந்தச் சின்னக் கருவியின் வகையிலேயே புதுசு. அம்பு திசையைத்தான் காட்டும், பாதையை இல்லை, அதனால் திரும்பும்போது வந்த தடத்தையே காட்டச் சொல்லி அதன் மேலேயே வா. ஜீப்பை நிறுத்தும் இடத்தைக் குறித்துவைக்காமல் இறங்காதே, மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும், கூட வரும் உதவியாளப் பெண்ணுக்கும் பழக்கிவிடு. சிவப்புப் பொத்தான் மீட்புக் குழுவுக்கு, அதை விளையாட்டுக்குத் தொடாதே. ஆனால் இவ்வளவும் நீ கற்றுக்கொண்டுவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீ அப்பாவின் பெண், அதுதான் என் பயம். வழி தவறியதைச் சிரித்து மறைத்தவள் நாளைக்கும் அம்மா பயப்படுவாளே என்று கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பாய். நான் பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன், அது என் பாடு.

எங்கள் போனுக்கு மட்டும் வருகிற மாதிரி இரண்டு செய்தி பதிந்திருக்கிறேன், முதலாவது நலம், இரண்டாவது வழி தெரியவில்லை, உதவி வேண்டும். நீ எந்த மூலைக்குப் போனாலும் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வர எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் வெட்டவெளியில் போய் நின்று இரண்டாவதையே முதலில் அனுப்பு, கை பழகட்டும். சோதனைதான் என்று தெரிந்தும் எனக்குத் தூக்கிவாரிப் போடும், பரவாயில்லை, அனுப்பு.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அம்மா