எங்கள் வீட்டு மணலில் ஆமை முட்டை

11.2.2006, சனி

கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களில் விடியற்காலை ஓர் ஆமை சிக்கிக் கிடந்தது. முட்டையிட வந்திருக்கிறது. எங்கள் பிள்ளைச்சாவடிக் கரையில் மணல் எங்கே மிச்சமிருக்கிறது? தெற்கே துறைமுகம் கட்டி இங்கே மணல் வரவிடாமல் செய்தவன் எவனும் வந்து பதில் சொல்லப்போவதில்லை.

“புள்ளத்தாச்சியத் திருப்பி அனுப்பக் கூடாதுடா. புடி,” என்றார் அண்ணன். இருவரும் கற்களுக்கு மேலே தூக்கிவந்து வீட்டுப் பின்புற மணலில் விட்டோம். முட்டையிட்டது. அதை மறுபடி கடலில் விட்ட பிறகுதான் உறைத்தது: குஞ்சுகள் இந்தக் கல்லை எப்படித் தாண்டும்?

“கூடைல அள்ளி நாமளே வுட்டுடலாம். அதுவரைக்கும் வாடகை இல்லாம இருக்கட்டும்,” என்று அண்ணன் சிரித்தார்.

மாலையில் அலை கல்லைத் தாண்டி வந்து அடுப்படிச் சுவரை நனைத்தது. முட்டை பொரிய இன்னும் ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை நாங்கள் இங்கே இருக்க வேண்டுமே.