பூப் பறிக்கக் கூடாத காடு

சுவிட்சர்லாந்து, 10-5-1954

அன்புள்ள ஆலிஸுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

நேற்று நாங்கள் வேலை பழகும் ரயில்பெட்டிப் பட்டறைக்கு விடுமுறை. நானும் வியாசர்பாடி தேசப்பனும் வாடகை சைக்கிளில் மலைக்காட்டைச் சுற்றினோம். அங்கே ஒரு பூவைக்கூட யாரும் பறிக்கக் கூடாதாம். சர்க்கார் காவல் போட்டிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சைக்கிள் மணி அடித்தும் மான்கள் ஓடவில்லை.

வழியில் ஒரு மாதா சுரூபம். நம் வழக்கப்படி பூட்ஸைக் கழற்றிவிட்டு, மே மாதமாகியும் உருகாத பனியில் நின்று கும்பிட்டேன்.

“இன்னாப்பா, காலு மரத்துப்பூடும்” என்றான் தேசப்பன்.

காட்டுக் காவலர் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தார். நான் மாதாவைக் காட்டினேன். மாதாவையும் என் வெறுங்காலையும் பார்த்தவர், குனிந்து தன் பூட்ஸையும் கழற்றினார்.

கால் சரியாகிவிட்டது, பயப்படாதே. கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பு.

மாதாவிடம் வெறுங்கையோடுதான் நின்றேன். சனிக்கிழமை ராயபுரம் கோயிலில் என் பேரில் ஒரு முழம் மல்லிகை வை. இன்னொரு முழம் நீ வைத்துக்கொள்.

தபால்காரர் வந்துவிட்டார்.

ஸ்டானிஸ்லாஸ்